இயற்கை விவசாயி, உர விவசாயி: படிப்பையும் மனப்போக்கையும் எப்படிக் கேட்டு அளப்பது? (வேலூர் மாவட்டம்)

கேள்வி: கணியம்பாடி_மாணவன்

வணக்கம். வேளாண் விரிவாக்கத்தில் முதுநிலை ஆய்வுக்காக அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் ஒன்றியங்களில் 60 இயற்கை விவசாயிகள், 60 வழக்கமான உர விவசாயிகள் என்று 120 பேரிடம் பேட்டி எடுக்கத் திட்டம். இரண்டு தரப்பின் கல்விப் பின்னணியும் மனப்போக்கும் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் தலைப்பு.

படிவத்தில் இப்போது இருப்பவை: எத்தனை ஆண்டு பள்ளி, கல்லூரி படித்தார் என்று ஒரு கேள்வி. பிறகு 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் "முழுமையாக ஒப்புகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து பதில். உதாரணத்துக்கு மூன்று:

"ரசாயன உரம் மண்ணைக் கெடுக்கிறது."
"விவசாயம் லாபத்துக்காக மட்டும் செய்வதல்ல."
"புதிய முறைகளை முயன்று பார்க்க எனக்குத் தயக்கம் இல்லை."

இயற்கை விவசாயிகள் அதிகம் படித்தவர்களாக இருப்பார்கள் என்பது கருதுகோள். பட்டியலை இயற்கை விவசாயக் குழுக்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எங்கே இடறும், எதை மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில் 1: விரிவாக்கப்பிரிவு

தம்பி, படிவத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் பட்டியலைச் சரிசெய்யுங்கள். குழுவிடம் பெயர் வாங்கினால் கூட்டத்துக்கு வருபவர், வாட்ஸப்பில் பேசுபவர், பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்தான் வருவார்கள். அவர்கள் படித்தவர்களாக இருப்பது இயற்கை விவசாயத்தால் அல்ல, பட்டியல் வந்த வழியால். அந்தப் பக்கம் குழுவிலிருந்து 60 பேரும் இந்தப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பிடித்த 60 பேரும் என்றால் உங்கள் கருதுகோள் பேட்டிக்கு முன்பே ஜெயித்துவிடும்.

"இயற்கை விவசாயி" என்று ஒரே கட்டத்தில் போடவும் முடியாது. நம் மாவட்டத்தில் குறைந்தது நான்கு வகை உண்டு. சான்று பெற்றவர்கள் ஒரு வகை. சக விவசாயிகளே ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் குழுவில் (குறைந்தது 5 பேர் வேண்டும்) இருப்பவரும், தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை மூலம் என்பிஓபி (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்று பெற்றவரும் இதில் வருவார்கள். சான்று இல்லாமலே உரமும் மருந்தும் நிறுத்தியவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது, வீட்டுக்கு அரை ஏக்கர் கிச்சிலிச் சம்பா இயற்கையில், விற்பனைக்கு மூன்று ஏக்கர் யூரியாவில் என்று இரண்டும் செய்பவர்கள். இவர்களை எந்தப் பக்கம் சேர்க்கிறீர்களோ அந்தப் பக்கம் முடிவு சாயும். தனி வகையாக வையுங்கள். நான்காவது, பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் மலையில் மானாவாரியாகச் சாமை விதைப்பவர்கள். உரம் அதிகம் போடுவதில்லை, ஆனால் அதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டதும் இல்லை. முதல் வகையோடு இவர்களைக் கலந்தால் படிப்பின் சராசரி படுத்துவிடும். கலக்காவிட்டால் ஏன் விட்டீர்கள் என்று ஆய்வேட்டில் காரணம் எழுத வேண்டும்.

ஆகவே "நீங்கள் இயற்கை விவசாயியா?" என்று கேட்காதீர்கள். கடந்த மூன்று பருவத்தில் யூரியா, டிஏபி, பொட்டாஷ், களைக்கொல்லி, பூச்சி மருந்து ஒவ்வொன்றும் எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு போட்டார் என்று கேட்டு, வகையை நீங்களே பிரியுங்கள். எத்தனை ஆண்டாக என்பதும் வேண்டும். என்பிஓபி விதியில் பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு மாற்றுக்காலம் (உரத்திலிருந்து இயற்கைக்கு மாறும் காலம்). மாற்றுக்காலத்தில் இருப்பவரின் மனநிலை வேறு, பத்தாண்டு தாண்டியவரின் மனநிலை வேறு.

ஒப்பீட்டை ஜோடியாகச் செய்யுங்கள். ஓர் இயற்கை விவசாயி கிடைத்தால், அதே ஊரில், அதே நீர் ஆதாரத்தில் (ஏரிக்கு ஏரி, கிணற்றுக்குக் கிணறு), அதே பயிரில், நில அளவு ஒரு ஏக்கருக்கு மேல் வேறுபடாத ஓர் உர விவசாயியைத் தேடுங்கள். 60 ஜோடி கிடைக்காது. 40 கிடைத்தாலும் கலந்துகட்டிய 120-ஐ விட அது மேல்.

இனி படிப்பு. "எத்தனை ஆண்டு" என்ற ஒரே கேள்வியில் இரண்டு பிழை நுழையும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எஸ்எஸ்எல்சி என்பது 11 ஆண்டு. அதன் மேல் ஓராண்டு பியுசி (கல்லூரிப் புகுமுக வகுப்பு). 65 வயதுக்காரர் "எஸ்எஸ்எல்சி" என்றால் 11 என்று பதிய வேண்டும், 45 வயதுக்காரர் சொன்னால் 10. "இஎஸ்எல்சி" என்றால் எட்டாவது. ஐடிஐ, பாலிடெக்னிக், தபால் வழிப் பட்டம் எல்லாவற்றுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். பள்ளிக்கே போகாமல் 1990-களில் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்தும் வாசிப்பும் கற்றவர்களும் இருக்கிறார்கள். "0 ஆண்டு" என்று எழுதினால் வாசிக்கத் தெரியாதவர் என்று பொருளாகிவிடும்.

இரண்டாவது பிழை, யாருடைய படிப்பு என்பது. பட்டா அப்பா பெயரில் இருக்கும், உழவு முடிவு மகன் எடுப்பார், விதை முடிவு அம்மா எடுப்பார், யூடியூப் பார்த்துச் சொல்பவள் கல்லூரி போகும் மகள். முடிவெடுப்பவரின் படிப்பு, வீட்டில் அதிகம் படித்தவரின் படிப்பு என்று இரண்டையும் வாங்குங்கள். வயதைக் கட்டாயம் சேர்த்துப் பாருங்கள். இளையவர்கள் எப்படியும் கூடுதலாகத்தான் படித்திருப்பார்கள்.

---

பதில் 2: ஏரிமதகு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மனப்போக்கு என்று நீங்கள் அளக்கப் போவதில் பாதிக்கு மேல் நிலவுரிமையும் மாட்டு எண்ணிக்கையும் கையிருப்பும்தான் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். குறுகிய கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் பகுதிக்குச் சொல்லும் பொது அளவு ஹெக்டேருக்கு 120:40:40. அதாவது ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), தலா 16 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்). 35 கிலோ டிஏபி போட்டால் மணிச்சத்து முடிந்தது, தழையில் 6 கிலோ சொச்சம் வந்தது. மீதிக்கு 90 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டை இரண்டு. மானிய விலையில் மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிவிஎஸ் 50-யில் வைத்துக் கொண்டுவந்து ஒருவரே அரை நாளில் வீசிவிடலாம்.

அதே 48 கிலோவைத் தொழுவுரத்தில் எடுக்கப் பாருங்கள். ஏக்கருக்கு 5 டன் போட்டால், அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலும் 25 கிலோ. அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ சாணி என்றால் ஆண்டுக்கு மூன்றரை டன் ஈரச் சாணி, மக்கினால் ஏறக்குறைய பாதி. ஒரு ஏக்கருக்கு மூன்று மாடு வேண்டும். மீதிக்குப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைக்கலாம். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் மடக்கி உழ வேண்டும். ஆனால் அந்த 45 நாளுக்குத் தண்ணீர் வேண்டும். ஏரி நிரம்பிய பிறகுதான் நாற்று விடுபவருக்கு அந்த அவகாசமே கிடையாது. கிணறு உள்ளவர் செய்வார். படிவத்தில் இது "கிணற்றுக்காரருக்கு இயற்கை மேல் நல்ல மனப்பான்மை" என்று வரும்!

குத்தகையும் அப்படித்தான். வாய்ப்பேச்சில் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர் மூன்று ஆண்டு மண்ணைத் தேற்றி யாருக்குக் கொடுப்பார்? சான்றுக்கு விண்ணப்பிக்க நில ஆவணமும் அவர் கையில் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்தால் ஒரு பகுதி உரமாகவே வரும். கடன் வாங்குகிறவர் உரம் போடுகிறார் என்பதில் மனம் எங்கே வந்தது?

மறுபக்கம், மாதா மாதம் வேறு பணம் வருகிறவர்கள். கம்மவான்பேட்டை பக்கம் ராணுவ ஓய்வூதியம், வேறு ஊர்களில் ஆசிரியர் ஓய்வூதியம், வீட்டில் ஒரு மருத்துவமனைச் சம்பளம். மாற்றுக்காலத்தில் மகசூல் இறங்கினாலும் அடுப்பு எரியும். இவர்கள் படித்தவர்களும்கூட. படிப்பு இவர்களை இயற்கைக்குக் கொண்டுவந்ததா, ஓய்வூதியம் கொண்டுவந்ததா என்று பிரிக்க, பண்ணைக்கு வெளியே வரும் வருமானத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். தொகை சொல்ல மாட்டார்கள். "இந்த ஆண்டு விளைச்சலே இல்லை என்றால் எத்தனை மாதம் கடன் வாங்காமல் ஓட்டலாம்?" என்று கேளுங்கள், சொல்வார்கள்.

கூலி ஆள் இன்னொன்று. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் பெண்கள் போன ஊர்களில் களையெடுக்க ஆள் கிடைப்பது அரிது. அங்கே களைக்கொல்லி அடிப்பதை மனப்போக்கில் எழுதாதீர்கள்.

பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. பிரிக்கப்படாத வட ஆற்காட்டில் புதிய நெல் ரகங்கள் பற்றி 1973-74-இல் கிராம ஆய்வு நடந்தது, 1982-84-இல் மறுபடி நடந்தது. முதல் சுற்றில் சிறு விவசாயிகள் பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் பெரும்பாலும் எட்டிப் பிடித்திருந்தார்கள். முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் "சிறு விவசாயிக்குப் புதுமையில் நாட்டமில்லை" என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

---

பதில் 3: முள்ளுக்கத்தரி

ஏரிமதகு சொல்வதில் பாதிதான் ஒப்புவேன். எல்லாமே பணமும் மாடும் என்றால், அதே ஊரில் அதே கிணறும் அதே ஓய்வூதியமும் உள்ள இரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஏன் மாறுகிறார்? அந்த இடத்தில் மனம் வேலை செய்கிறது. பதில் 1-இல் சொன்ன ஜோடி முறை அதைப் பிடிக்கத்தான்.

படிப்பு என்று எடுத்தாலும் எவ்வளவு என்பதைவிட எங்கே, எதில் என்பது முக்கியம். தமிழ்நாட்டில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பட்டம் பெற்றவர், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து விட்டு வந்தவர். செலவில்லா விவசாயம் பேசிய பாலேக்கரும் வேளாண் பட்டதாரிதான். உர விவசாயத்தின் கல்வியைக் கற்றவர்களே அதை மறுத்தார்கள். படிக்காதவர் மரபில் நிற்கிறார், படித்தவர் நவீனத்துக்குப் போகிறார் என்ற பழைய விரிவாக்கப் பாடம் இங்கே தலைகீழ்.

புதுமையை யார் முந்தி ஏற்கிறார், யார் பிந்தி ஏற்கிறார் என்று எவரெட் ரோஜர்ஸ் பிரித்த ஐந்து பிரிவுகளை (2.5, 13.5, 34, 34, 16 சதவீதம்) ஆய்வேட்டில் போடுவீர்கள், எல்லோரும் போடுகிறார்கள். போடும்போது இதையும் சேருங்கள். 1954-இல் அமெரிக்காவின் ஐயோவாவில் அவர் எடுத்த பேட்டிகளில், களைக்கொல்லி உள்ளிட்ட ரசாயனங்களை மறுத்த ஒரு விவசாயியைக் கடைசிப் பிரிவில், பின்தங்கியவராகப் போட்டார். அந்த மனிதர் இயற்கை விவசாயி. பின்னாளில் ரோஜர்ஸே அதைச் சொல்லி, இன்றைய அளவுகோலில் அவர் முன்னோடி என்று எழுதினார். உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் ("புதிய முறைகளை முயன்று பார்க்க") அதே குழி இருக்கிறது. எது புதிது? ட்ரோன் தெளிப்பா, பஞ்சகவ்யமா? இரண்டு தரப்பும் "முழுமையாக ஒப்புகிறேன்" என்பார்கள், இரண்டு வேறு பொருளில்.

---

கணியம்பாடி_மாணவன்

மூன்று பேருக்கும் நன்றி. வகைகளையும் ஜோடியையும் மாற்றிவிடுகிறேன். இரண்டு சந்தேகம்: படித்த ஆண்டுக்குப் பதில் அறிவைச் சோதிக்கலாமா, இரண்டு தரப்புக்கும் பொதுவாக எப்படிக் கேட்பது? 20 வாக்கியங்களுக்குப் பதில் என்ன வைப்பது?

---

பதில் 4: விரிவாக்கப்பிரிவு

அறிவுச் சோதனை வையுங்கள், ஆனால் பரீட்சை மாதிரி வேண்டாம். பத்துக் கேள்வி போதும்: நான்கு பொது, மூன்று உரப் பக்கம், மூன்று இயற்கைப் பக்கம். எல்லாரிடமும் பத்தும் கேளுங்கள். தன் பக்கம் எவ்வளவு தெரியும், எதிர்ப்பக்கம் எவ்வளவு தெரியும் என்று இரண்டு மதிப்பெண் தனித்தனியாக வரும். எதிர்ப்பக்க மதிப்பெண்தான் சுவையானது. உரத்தை நன்றாகத் தெரிந்து விட்டவரும், தெரியாமலே விட்டவரும் ஒரே ஆள் அல்ல.

பொதுவில், மணிலாவுக்கு (வேர்க்கடலை) ஜிப்சம் எப்போது, ஏன் என்று கேட்கலாம். இறவையில் 40 முதல் 45-ஆம் நாள், ஏக்கருக்கு 160 கிலோ, மண் அணைக்கும்போது. சுண்ணாம்புச்சத்து இல்லாவிட்டால் காய் பொக்கையாகும். இயற்கையாக வெட்டியெடுத்த ஜிப்சம் அங்ககத் தரநிலையிலும் அனுமதிக்கப்பட்டது, ஆகவே இரு தரப்புக்கும் நியாயமான கேள்வி. மண்வள அட்டையைக் கையில் கொடுத்து அங்ககக் கரிமம் 0.4 சதவீதம் என்றால் குறைவா அதிகமா என்று கேளுங்கள். 0.5-க்குக் கீழ் குறைவு, 0.75-க்கு மேல் அதிகம்.

உரப் பக்கத்துக்கு மருந்து டப்பாவையே காட்டுங்கள். முக்கோண நிறம் நான்கையும் நஞ்சு அதிகம் முதல் குறைவு வரை அடுக்கச் சொல்லுங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பிறகு "லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு?" விடை 32 மில்லி. மூடியால் அளக்கிறவர் "ரெண்டு மூடி" என்பார். மூடியின் கொள்ளளவை அங்கேயே அளந்து பாருங்கள். எட்டாவது படித்தவர் சரியாகச் சொல்வதும் பட்டதாரி தவறுவதும் இந்தக் கேள்வியில்தான் தெரியும்.

இயற்கைப் பக்கத்துக்குப் பஞ்சகவ்யம். 3 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி (300), வடிகட்டாமல் ஊற்றினால் என்ன ஆகும் (நாசில் அடைக்கும்), சாணியில் நெய் பிசைந்து எத்தனை நாள் வைத்துவிட்டுக் கோமியமும் தண்ணீரும் சேர்ப்பது (3 நாள்). ஜீவாமிர்தம் என்றால் 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணி, வெல்லமும் பயறு மாவும் தலா 2 கிலோ. அளவை மாற்றிச் சொல்பவரை உடனே தவறு என்று போடாதீர்கள், ஏன் மாற்றினார் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு மாடு வைத்திருப்பவர் பாதி அளவில் செய்வது அறியாமை அல்ல.

இருபது வாக்கியத்தைப் பொறுத்தவரை: "ரசாயன உரம் மண்ணைக் கெடுக்கிறது" என்பதற்கு யூரியா மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவரும் "ஆமாங்க" என்பார். வெளியூர்ப் பிள்ளை படிவத்தோடு வந்தால் ஆமாங்க சொல்வது மரியாதை. எட்டு வாக்கியமாகக் குறைத்து, நான்கைத் தலைகீழாக எழுதுங்கள். மீதி இடத்தில் இழப்பு வைத்த கேள்விகள்:

"பக்கத்துக் கழனியில் ஏக்கருக்கு 24 மூட்டை, உங்களுக்கு 17 மூட்டை. இரண்டு ஆண்டு இப்படி. மூன்றாம் ஆண்டு என்ன செய்வீர்கள்?"

"நெல்லில் குலைநோய் தெரிகிறது, கடைக்காரர் மருந்து கொடுக்கிறார். முதலில் யாரைக் கேட்பீர்கள்?" பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடைக்காரர், உதவி வேளாண் அலுவலர், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம், குழு, யூடியூப், யாருமில்லை. உங்கள் மொத்த ஆய்வில் இரு தரப்பையும் தெளிவாகப் பிரிக்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணங்களுக்கு முக்கியத்துவம் அளக்க 20 புளியங்கொட்டை எடுத்துப் போங்கள். ஆறு அட்டை: செலவு, விலை, உடம்பு, மண், ஆள் பற்றாக்குறை, ஊர் மதிப்பு. அட்டையில் படமும் இருக்கட்டும். கொட்டைகளைப் பங்கிடச் சொல்லுங்கள். "எல்லாமே முக்கியம்" என்று தப்பிக்க வழி இல்லை.

---

பதில் 5: எண்கணக்கு

கணக்கு மட்டும் சொல்கிறேன்.

நில அளவைக் கேட்கும்போது காணி என்றால் சுமார் 1.32 ஏக்கர், அலகையும் எழுதுங்கள். மூட்டை என்றால் 75 கிலோவா 80 கிலோவா என்று கேட்காமல் விடாதீர்கள். மகசூல் வித்தியாசம் என்று நீங்கள் கண்டுபிடிப்பது சாக்கு வித்தியாசமாக இருக்கும்.

கல்வியைப் படிநிலையாக வைத்தால் சராசரியும் டி-சோதனையும் பொருந்தாது. தனித்தனிக் குழு என்றால் மான்-விட்னி, ஜோடி என்றால் வில்காக்சன் (இரண்டும் தரவரிசையை வைத்து ஒப்பிடும் சோதனைகள்). ஜோடியாக எடுத்துவிட்டுத் தனிக்குழுச் சோதனை போட்டால் ஜோடிபோட்ட உழைப்பு வீண். எட்டு வாக்கியங்களின் கூட்டு மதிப்பெண்ணுக்குக் கிரான்பாக் ஆல்பா (வாக்கியங்கள் ஒன்றையே அளக்கின்றனவா என்று காட்டும் எண்) 0.7-க்குக் கீழ் வந்தால் கூட்டாதீர்கள், தனித்தனியாகக் காட்டுங்கள். தலைகீழ் வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிவிட்டுத்தான் ஆல்பா போட வேண்டும். மறந்தால் எண் அதலபாதாளத்துக்குப் போகும்.

எந்தக் காரணி ஒருவரை இயற்கைப் பக்கம் சேர்க்கிறது என்று பார்க்க லாஜிஸ்டிக் பகுப்பாய்வு போடுவீர்கள் என்றால் சிறிய குழுவில் பத்துப் பேருக்கு ஒரு காரணி என்பது கைக்கணக்கு. 40 இயற்கை விவசாயிகள் என்றால் நான்கு: முடிவெடுப்பவர் படிப்பு, வயது, வெளி வருமானம், மாட்டு எண்ணிக்கை. ஜோடி வைத்திருப்பதால் ஜோடிக்குள்ளேயே ஒப்பிடும் நிபந்தனை லாஜிஸ்டிக்தான் சரி. நிலம், நீர், ஊர் எல்லாம் ஜோடியிலேயே அடங்கிவிட்டதால் மறுபடி நுழைக்க வேண்டாம். படிப்பை மட்டும் போட்டு ஒரு முறை, வெளி வருமானம் சேர்த்து ஒரு முறை ஓட்டி, படிப்பின் கெழு (தாக்கத்தைக் காட்டும் எண்) எவ்வளவு சுருங்குகிறது என்று இரண்டையும் அட்டவணையில் காட்டுங்கள். ஏரிமதகுக்கும் முள்ளுக்கத்தரிக்கும் நடக்கும் சண்டைக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

முன்சோதனையை மாதிரிக்குள் வராத ஊரில், 15 பேரிடம், பேரணாம்பட்டு ஒன்றியத்தில் எங்காவது செய்யுங்கள். பேட்டி 40 நிமிடம் தாண்டினால் வெட்டுங்கள். நடவு, அறுவடை வாரங்களைத் தவிர்த்து, காலை பால் ஊற்றிய பிறகு 9 மணிக்கு மேல் போங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் மானியத்துக்கு வந்த ஆள் என்று நினைத்து, ஒரு ஏக்கர் இயற்கையும் ஐந்து ஏக்கராகிவிடும்.